குளமே இல்லாத தோட்டத்தில் தவளைக் குஞ்சு வந்தது எப்படி?

கேள்வி: ‘‘மலையில் காபித் தோட்டம். பக்கத்தில் குளம், ஓடை எதுவும் இல்லை. ஆனால், மழைக்காலத்தில் சருகை விலக்கினால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தவளைக் குஞ்சுகள் துள்ளுகின்றன. தலைப்பிரட்டை ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. இவை எங்கிருந்து வருகின்றன?’’

- வாசகர், பண்ணைக்காடு.

பதில்: தோட்டத்துக்குள்ளேயே பிறந்த புதர்த் தவளைக் குஞ்சுகளாக இவை இருக்கலாம். மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ள இந்தத் தவளைகளின் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது. நான்கு காலும் அமைந்த குட்டித் தவளையே நேராக வெளிவரும். இனத்துக்கு ஏற்ப ஈரச் சருகிலோ, இலை மீதோ, மூங்கிலுக்குள்ளோ முட்டையிடும். இலங்கை மலைக்காடுகளிலும் இவற்றின் உறவினங்கள் உண்டு.

வயல் தவளை தன் உடம்பை இரண்டு முறை கட்டுகிறது. தலைப்பிரட்டைக்குப் பாசியைச் சுரண்டித் தின்னும் வாய், அதைத் தாங்கும் குருத்தெலும்பு, நீந்துவதற்கு வால் எல்லாம் உண்டு. வளர்ந்ததும் முதலில் பின்னங்கால், அடுத்து முன்னங்கால் வெளியே தெரியும். தாடை நீளும், வால் கரையும், மண்டையின் அமைப்பே மாறும். ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டுவது போன்ற வேலை இது.

நேரடியாகப் பிறக்கும் தவளைக்கு இந்த வேலையில் பாதி மிச்சம். கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் ‘கோக்கி’ தவளையில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. முட்டைக்குள் கரு உருவான சில நாள்களிலேயே நான்கு கால்களும் மொட்டு விடுகின்றன. சுரண்டும் வாய்க்கான குருத்தெலும்புகள் உருவாவதே இல்லை. தாடை தலைப்பிரட்டைக்கும் தவளைக்கும் இடைப்பட்ட வடிவில் தொடங்கி, குஞ்சு வெளிவரும் முன்பே தவளைத் தாடையாக மாறிவிடுகிறது. குஞ்சு வெளிவரும் முன்பே எலும்பு இறுகத் தொடங்கிவிடும். மெல்லிய வால் மட்டும் உண்டு. அது நீந்த அல்ல, மூச்சு விட. தலைப்பிரட்டையைத் தவளையாக்கும் தைராய்டு சுரப்புதான் முட்டைக்குள் இருக்கும் குஞ்சையும் முழுமையாக்குகிறது. ஏறத்தாழ 3 வாரத்தில், மேல் உதட்டில் உள்ள சிறு முள்ளால் முட்டையைக் கிழித்துக்கொண்டு குஞ்சு வெளியே வரும்.

அதுவரை வெளியிலிருந்து இரை கிடையாது; மஞ்சள் கருதான் சாப்பாடு. அதனால்தான் இவற்றின் முட்டை பெரிது, எண்ணிக்கை குறைவு. கோழி முட்டை போல ஓடும் இல்லை. சுற்றிலும் ஈரம் குறைந்தால் முட்டை காய்ந்து, கரு செத்துவிடும். கோக்கியில் ஆண் தவளை முட்டை மேல் உட்கார்ந்து ஈரம் காக்கும்.

எனவே, தோட்டத்தில் சில வேலைகளை மாற்றிக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் சருகை மொத்தமாகக் கூட்டி அள்ள வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். களைக்கொல்லிக்குப் பதில் அரிவாளால் களையை அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம். தவளையின் தோலும் முட்டையும் மருந்தை எளிதில் உறிஞ்சிவிடும். நிழல் மரங்களையும் ஒரே நேரத்தில் கவாத்து செய்யாமல், பகுதி பகுதியாகச் செய்யலாம். மண்ணின் ஈரம் காபிக்கும் உதவும். தவளைகள் இரவில் எறும்பு, சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

குளத்துத் தவளைக்குக் குளம் எப்படியோ, இவற்றுக்கு ஈரச் சருகு அப்படி.