பிரடையைத் தொடாதே!

மகள் வயலின் கற்கும் இசைப்பள்ளியில் வகுப்பு முக்கால் மணி நேரம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சார். உள்ளே போனதும் ஆளாளுக்கு வயலினை நீட்ட, அவர் ஒவ்வொன்றாக வாங்கிச் சுருதி சேர்த்துத் தருவார். ச, ப, ச, ப என்று வயலினுக்கு நாலு கம்பி. கடைசிப் பிள்ளைக்குச் சேர்த்து முடிப்பதற்குள் முதல் பிள்ளையுடையது இறங்கியிருக்கும். மிச்ச நேரத்தில் சரளி வரிசை ஒரு சுற்று. அதற்குள் அடுத்த பேட்ச் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

அதுகூடப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறது. ஏசி அறையில் சேர்த்த சுருதி, சென்னை வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது அப்படியேவா இருக்கும்? கம்பியை முறுக்கும் பிரடையும் மரம், அது உட்காரும் துளையும் மரம். பிடித்து நிறுத்துவதற்கு உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்சம் அசந்தால் சர்ரென்று சுற்றிக் கம்பி தொளதொளத்துவிடும். ஆனால் பிள்ளைகள் பிரடையைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"சார், சுருதி சேர்க்க எப்ப சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப வேணாம் மேடம். கம்பி அறுந்துடும். வர்ணம் வரட்டும், பாத்துக்கலாம்."

அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது! அடிக்கடி அறுவது மெல்லிசான மேல் பஞ்சமக் கம்பிதான். ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். காது கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது? வீணையிலாவது மெட்டு இருக்கிறது, விரல் வைக்க வேண்டிய இடம் தெரியும். வயலினில் வெறும் கட்டைதான். காது சொல்கிற இடத்தில் விரல் விழ வேண்டும். பாடமோ மாயாமாளவகௌளை. அதில் சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டினாற்போல் நிற்கும். ஷட்ஜக் கம்பி அரை ஸ்தாயி வேண்டாம், அரை ஸ்வரம் இறங்கினால் போதும்: இவள் ரிஷபம் என்று நினைத்து வாசிப்பது சுருதிப்பெட்டியின் ஷட்ஜத்தில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த வகுப்பு வரை அதையே சாதகம் செய்கிறாள். அதாவது, தப்பைக் கைக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். பழகாதே என்று சொல்லவும் முடியவில்லை. சாதகம் பண்ணவில்லை என்று அங்கே திட்டு விழும்.

போனில் சுருதி காட்டும் ஒரு ஆப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டோம். பச்சை விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்க்கிறாள். காதுக்கு அங்கே வேலையே இல்லை.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருடம் உட்கார்ந்து இந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். இவர்களுடைய நோட்டீஸிலோ ஒரே வருடத்தில் மேடை! எப்படி என்று ஆண்டு விழா ஒத்திகையில்தான் புரிந்தது. ஸ்பீக்கரில் முழுப் பாட்டும் ஓடும். பத்து வில்லும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தால் போதும். வீடியோவில் அது அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஜண்டை வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டு இப்போது வகுப்பு முழுக்க அந்த சினிமாப் பாட்டுதான்.

இதற்கிடையில் பிள்ளை வளர்கிறாள். அரை சைஸ் வயலின் பற்றாதாம், முக்கால் சைஸ் வேண்டுமாம். அதையும் பள்ளி மூலமாகவே வாங்குவது நல்லதாம். புது வயலினில் பிரடை இன்னும் வழுக்கும் என்றேன். சாக்பீஸ் தூள் தடவிக்கொள்ளலாமாம். யார் தடவுவது, அவள்தான் தொடக்கூடாதே? அதற்குப் பதில் வரவில்லை. ஆண்டு விழாச் சுற்றறிக்கை வந்தது. மயில்நீலப் பட்டுப்பாவாடை, தங்க ஜரிகை. வாடகைக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டுமாம்.