ரத்தம் எங்கே போகிறது?

"ரத்தம் கம்மியாயிருக்கு, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க." நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அதை ஒரு நோயாக யாரும் மதிப்பதில்லை. அறுபது வயது அப்பாவுக்கு வந்தாலும் ஒரு டானிக்கை வாங்கிக் கொடுத்துவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கோ கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடற்புண், கொக்கிப்புழு, விடாமல் விழுங்கும் வலி மாத்திரை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது வயிற்றிலோ குடலிலோ உள்ள புற்றுநோய்.

பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் கட்டிதான் இதில் கள்ளத்தனமானது. அங்கே குடல் அகலம், மலமும் கூழாகவே இருக்கும். அதனால் கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் அடைப்போ வலியோ இருக்காது. கசியும் ரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம். தினம் ஒரு டீஸ்பூன் ரத்தம் கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போய்விடுகிறது. முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பு கரைந்து, அதைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இறங்கும், அப்புறம் ஹீமோகுளோபின். மாடிப்படியில் மூச்சு வாங்கும். "வயசாச்சுல்ல" என்போம்.

இரும்பு மாத்திரை போட்டால் கட்டி இருக்கும்போதே ஹீமோகுளோபின் ஏறிவிடலாம். எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். மாத்திரையால் மலம் கறுத்துப்போவதால், உள்ளே ரத்தம் கசிந்து கறுத்தாலும் சந்தேகம் வராது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவசியம். ஆனால் காரணத்தைத் தேடுவது அதோடு நின்றுவிடக் கூடாது. வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும், இப்படி ரத்தசோகை வந்த ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்வழி எண்டோஸ்கோபி, ஆசனவாய்வழி கொலோனோஸ்கோபி இரண்டையும் செய்யச் சொல்கிறது அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டி.

இதற்கு நேர்மாறாக, இரும்புக் குறைவே புற்றுநோய்க்கு வழிவிடுவதும் உண்டு. பிளம்மர்-வின்சன் என்ற நிலையில் உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து விழுங்கவே சிரமமாகும். தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வரும் வாய்ப்பு கூடும். ஒரு காலத்தில் சுவீடன் பெண்களிடம் அதிகம் கண்டது, இன்று அரிது.

நம் ஊரில் கொலோனோஸ்கோபி என்றதும் கூச்சம் வந்துவிடுகிறது. "மூலமாத்தான் இருக்கும், விடுப்பா" என்று பெரியவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முந்தைய நாள் பேதி மருந்து குடிப்பதுதான் இதில் பெரிய அவஸ்தை. சோதனையின்போது மயங்க வைத்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. புற்றாக மாறக்கூடிய சிறு பாலிப் (சதை வளர்ச்சி) கண்ணில் பட்டால், பெரும்பாலும் அப்போதே அதை வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.