வாக்கு முடிந்தது, செய்தியும் முடிந்ததா?

தேர்தல் காலம் ஊடகங்கட்கு அறுவடைக் காலம். தலைவர் வாய் திறந்தால் செய்தி, திறவாவிடினும் செய்தி. வேட்பாளர் தெருக்கடையில் தோசை வார்த்தால் படம். தேநீர் ஆற்றினால் அதுவும் படம். ஆனால், வாக்குப்பொறிகள் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட மறுநாளே நெற்களம் வெறுங்களம் ஆகிவிடுகின்றது. ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிடுகின்றன. ஓயாதது தொலைக்காட்சி ஒன்றே. நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் எதைக் கொண்டேனும் நிரப்பியே தீர்வதென்று அது தனக்குத்தானே தளை பூட்டிக்கொண்டுள்ளது.

அத் தளையின் இறுக்கத்தைத் தமிழ்நாடு பன்முறை கண்டிருக்கின்றது. 2011-இல் வாக்குப்பதிவு ஏப்பிரல் 13. எண்ணிக்கை மே 13. 2019-இல் ஏப்பிரல் 18-உம் மே 23-உம். 2021-இல் ஏப்பிரல் 6-உம் மே 2-உம். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலோ இடைவெளி இன்னும் நீண்டது. இந்தியா முழுமைக்கும் ஏழு கட்டமாக நடந்த அத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஏப்பிரல் 19-ஆம் நாள் முதற்கட்டத்திலேயே வாக்களித்து முடித்துவிட்டன. எண்ணிக்கையோ சூன் 4-இல். வாக்களித்தவன் விரல் மை அழிந்து புது நகம் முளைக்கும்வரை, 46 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தனை நாளும் திரையை நிரப்பியவை எவை? பூட்டிய அறையின் கதவு. அதன் முன் நிற்கும் காவலர். எவர் எத்தனை இடம் வெல்வார் என்று நாள்தோறும் அதே நால்வர் நடத்திய சொல்லாடல். நீலமலைத் தொகுதியின் வாக்குப்பொறி அறையில் கண்காணிப்புப் படப்பொறிகள் சற்று நேரம் இயங்காமற்போன நிகழ்ச்சி உண்மையிலேயே வினவத்தக்க செய்திதான். ஆனால், வினவுதற்கு ஒரு நாள் போதும். அதையே மெல்லுதற்குப் பல நாள் ஆயின.

இறுதிக்கட்டப் பரப்புரை ஓய்ந்த மே 30-ஆம் நாள், தலைமையமைச்சர் நரேந்திர மோடி குமரிமுனைப் பாறையில் ஊழ்கத்தில் அமர்ந்தார். ஏறத்தாழ 45 மணி நேரம் அவர் வாய் பேசவில்லை. அப் பேசாமையைப் பற்றி ஊடகங்கள் பேசிக்கொண்டே இருந்தன. அதே நாள்களில் வடநாடு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சூன் 1-ஆம் நாள் நடந்த இறுதிக்கட்ட வாக்குப்பதிவில், உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தற் பணியாளர் வெப்பத்தால் மாண்டனர் என்று அம் மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரே அறிவித்தார். தேர்தலை நடத்தவந்து தேர்தலிலேயே உயிர்விட்ட அவர்களுக்குத் திரையில் கிடைத்த இடம் எவ்வளவு? பாறைமேல் அமர்ந்த ஒருவர்க்குக் கிடைத்தது எவ்வளவு?

வாக்களித்தோரைக் கேட்டுத் தொகுக்கும் கணிப்புகளை, கடைசி வாக்குப்பதிவு முடியுமுன் வெளியிடலாகாது என்பது சட்டம். மக்கள் சார்பாண்மைச் சட்டத்தின் 126அ பிரிவு மீறுவோர்க்கு ஈராண்டுச் சிறை வரை வகை செய்கின்றது. சூன் 1 மாலை அத் தடை நீங்கியதும் மடை திறந்தது. ஆளுங்கூட்டணி 350-க்கு மேல் வெல்லும் என்றன பெரும்பாலான கணிப்புகள். 400-ஐத் தொடும் என்றவையும் உண்டு. அதை நம்பிச் சூன் 3-ஆம் நாள் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு 2,500 புள்ளிக்கு மேல் ஏறிற்று. மறுநாள் எண்ணிப் பார்த்தால் கூட்டணிக்கு 293, பா.ச.க.வுக்குத் தனியே 240. குறியீடு ஏறத்தாழ 4,390 புள்ளி சரிந்தது. கணித்தவர் கைப்பொருள் எதையும் இழக்கவில்லை. கேட்டு நம்பிய எளியோர் இழந்தனர். வெறும் நேரத்தை வெறும் சொல்லால் நிரப்புவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்பார்க்கு இஃது ஒன்றே விடை.

இதன் கரணியம் அறிதற்கு அரிதன்று. ஓர் அறை, நான்கு நாற்காலி, ஒரு நெறியாளர் இருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு செய்தியாளரை ஓர் ஊருக்கு அனுப்பி, மூன்று நாள் தங்கவைத்து, ஆவணங்களைப் புரட்டச் செய்து, ஐந்து மணித்துளிச் செய்தி ஆக்குவதற்கோ பொருளும் வேண்டும், பொறுமையும் வேண்டும், ஆள்வோரைப் பகைக்கும் துணிவும் வேண்டும். ஆகவே பழி தெருவில் அலையும் செய்தியாளன் மேலதன்று. அவனை அலையவிடாமல் வாயிற்படியில் நிறுத்திவைக்கும் முதலாளிகள் மேலது.

செய்தியே இல்லாத நாள் உண்டா? உண்டு என்று ஒருமுறை சொல்லப்பட்டது. 1930 ஏப்பிரல் 18-ஆம் நாள் மாலை, இலண்டன் பி.பி.சி. வானொலி, செய்தி ஏதும் இல்லை என்று அறிவித்துவிட்டுப் பியானோ இசையை ஒலிபரப்பிற்று. இட்டுக்கட்டி நிரப்பாத அந் நேர்மை ஒருவகையில் பாராட்டத்தக்கதே. ஆனால், அதே நாளில்தான் வங்காளத்துச் சிட்டகாங்கில் சூரியா சென் தலைமையில் இளைஞர்கள் ஆங்கிலேயரின் படைக்கலக் கொட்டிலைத் தாக்கினர். அதே நாளில்தான் திருச்சியிலிருந்து இராசகோபாலாச்சாரியார் தலைமையில் புறப்பட்ட உப்பு அறப்போர்ப் படை, திருமறைக்காடு எனும் வேதாரணியம் நோக்கித் தஞ்சை மண்ணில் நடந்துகொண்டிருந்தது. இலண்டன் மேசைக்கு எட்டாதவை இல்லாதவை ஆயின. அன்று சொன்னது 'செய்தி இல்லை' என்ற சொல். இன்று சொல்லாமல் நடப்பதும் அதுவே. இடையில் இசைக்கு மாறாக இரைச்சல் ஒலிக்கின்றது.

இதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. தேர்தல் முடிவு வெளிவந்த பதினைந்தாம் நாள், 2024 சூன் 19-இல், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் சாவோலம் எழுந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து மாண்டோர் தொகை 60-ஐக் கடந்தது. பெரும்பாலோர் அன்றாடங் கூலிகள். காட்டுக்குள் ஒளித்து விற்ற சாராயமன்று அது. காவல் நிலையமும் முறைமன்றமும் அருகிலிருக்க, நகரின் நடுவிலேயே விற்றது. ஓராண்டுக்கு முன் 2023 மே மாதத்தில்தான் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இதே நஞ்சால் இறந்திருந்தனர். ஓராண்டு ஆயிற்றே, அந் நஞ்சு ஒழிந்ததா என்று ஊர்தோறும் சென்று கேட்டறிய அந்த 46 நாளைவிட வாய்ப்பான காலம் எது? கேட்டிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பர் என்பதன்று. கேட்பது கடமை, அதற்கு நேரமும் இருந்தது என்பதே குற்றச்சாட்டு.

சாவு நிகழாத ஊரிலும் செய்தி உண்டு. சென்னையின் மேற்கே, போரூரை அடுத்துப் பூந்தமல்லிச் சாலையில் உள்ளது ஐயப்பன்தாங்கல். திருப்பெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதிக்குட்பட்டது. வாக்குக் கேட்கும் நாளில் ஊர்திகள் வரிசை கட்டும் ஊர். வாக்களித்தபின் எவரும் திரும்பிப் பாராத ஊர்களுள் ஒன்று. அதன் பெயரே ஒரு செய்தி. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. பழவந்தாங்கலும் அவ்வாறு பெயர் பெற்றதே. பழைய நிலக்கணக்கில் அத் தாங்கலின் பரப்பு எவ்வளவு, இன்று எவ்வளவு? வரத்துக்கால் எது, போக்குக்கால் எது? 2015 திசம்பரில் அண்டையிலுள்ள முகலிவாக்கமும் மணப்பாக்கமும் மூழ்கினவே, அதன்பின் நீர்வழிகளில் எவை சீராயின? இவற்றை மே மாதத்து வெயிலில் கேட்டால் அது செய்தி. நவம்பரில் இடுப்பளவு நீரில் நின்று கேட்டால் அது வேடிக்கை.

அச் சாலையின் நடுவே மெட்ரோ தொடர்வண்டிக்கான தூண்கள் எழுந்தன. அதே பரங்கிமலை–பூந்தமல்லிச் சாலையில், இராமாபுரம் அருகே 2025 சூன் 12 இரவு கற்காரை உத்தரங்கள் சரிந்து, வழியே சென்ற ஒருவர் உயிரிழந்தார். அன்றிரவு ஊடக ஊர்திகள் விரைந்து வந்தன. உத்தரம் நிற்கும்போது அதன் உறுதியைக் கேளாதவர்கள், விழுந்தபின் அதன் எடையைக் கேட்டனர்.

கோடையுழவு கோடி நலம் என்பது உழவர் மொழி. அறுவடை முடிந்ததும் உழவன் வரப்பில் உட்கார்ந்து சென்ற பருவத்தின் விளைச்சலைப் பேசிக்கொண்டிரான். அடுத்த மழைக்கு மண்ணைக் கிளறி வைப்பான். தேர்தலுக்குப் பிந்திய நாள்கள் ஊடகத்துக்குக் கோடையுழவுக் காலம். வென்றவன் தந்த உறுதிமொழி யாது, சென்ற முறை தந்தது என்னாயிற்று, ஏரி எங்கே, பள்ளிக்கு ஆசிரியர் எங்கே, மருத்துவமனைக்கு மருந்து எங்கே என்று கேட்க அதனினும் நல்ல காலம் இல்லை.

தமிழ் மக்களுக்கும் இதிற் பங்குண்டு. இரைச்சலுக்குக் கண் கொடுப்பவர் உள்ளவரை இரைச்சலே விற்கும். சொல்லாடல் தொடங்கும்போது பெட்டியை அணைத்துவிட்டுத் தத்தம் ஊர் ஏரிக்கரை வரை நடந்து பார்ப்பவனுக்கு, எந்தத் திரையும் காட்டாத செய்தி கிடைக்கும். அதை நான்கு பேரிடம் சொல்லவும், எழுதி அலுவலர் மேசையில் வைக்கவும், ஊர் மன்றத்தில் கேட்கவும் இளைஞர் முன்வரல் வேண்டும். வாக்குரிமை ஒரு நாளோடு முடிவது. கேட்குமுரிமை முடிவதே இல்லை.