எதிர்ப்பு சக்தி ஏறினா கட்டி கரைஞ்சிடுமா?

கொரோனா வந்து போனதிலிருந்து ஆரணிக் கடைத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'எதிர்ப்பு சக்தி'தான். பொடி, லேகியம், சத்துமாவு, எந்த டப்பாவை எடுத்தாலும் அதே வார்த்தை. சளி காய்ச்சலுக்கு யாரோ குடிச்சிட்டுப் போகட்டும். ஆனா புற்றுநோய்க்காரர் வீட்டுக்கே தூக்கிட்டுப் போய் "எதிர்ப்பு சக்தி ஏறினா கட்டி தானா கரையும்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

மெலனோமாவை எடுத்துக்கங்க. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்று. நம்ம எதிர்ப்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வெளியே விடும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். இதில் 'நல்லது நிறைய, கெட்டது கொஞ்சம்' கணக்கெல்லாம் செல்லாது.

இன்டர்லூக்கின்-6 என்று ஒன்று. ஆரம்பக் கட்ட மெலனோமா செல்களின் வளர்ச்சியை அது தடுக்கிறது, முற்றிய செல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை என்று டொரண்டோவில் ராபர்ட் கெர்பெல் குழு 1992-இல் காட்டியது. சில முற்றிய செல்கள் அதைத் தாங்களே தயாரித்து உரமாக்கிக் கொள்கின்றன என்பதும் பிறகு தெரிந்தது. நம்மூர் தறிக்காரருக்கு இது சட்டுனு புரியும். மிதிக்கிறது அதே மிதிதான், ஜக்கார்டில் அட்டையை மாத்தினா வேற பூ விழும். புற்று முற்ற முற்ற அட்டை மாறிடுது.

இன்டர்ஃபெரான்-காமா இன்னும் வேடிக்கை. புற்றைத் தாக்கும் டி செல்லே விடுவது. அது பட்டதும் புற்று செல் பிடி-எல்1 என்ற முகமூடியை மாட்டிக்கொள்ள, டி செல் அடங்கிப் போகிறது.

சரி, நேரடியா சக்தியை ஏத்தியே பார்த்ததில்லையா? பார்த்தாங்க. முற்றிய மெலனோமாவுக்கு இன்டர்லூக்கின்-2 அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. 270 பேரில் 16 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. 6 சதவீதம் பேருக்கு முழுசா மறைந்தது. அது சாதாரண விஷயமில்லை. ஆனா ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, பிரஷர் இறங்கி, தீவிர சிகிச்சை அளவுக்குக் கண்காணிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, எதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்களையும் அது சேர்த்து வளர்த்தது.

பெரிய மாற்றம் வந்தது தடையை எடுத்ததில். அதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், டசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. ஆனா தடையை எடுத்தா எதிர்ப்பு செல்கள் சில சமயம் நம்ம குடலையே, கல்லீரலையே, தைராய்டையே தாக்கும். அந்த நேரத்தில் டாக்டருக்குத் தெரியாம ஒரு லேகியம் உள்ளே போனால்? கல்லீரல் வீங்கியது மருந்தாலா, லேகியத்தாலா என்று யார் சொல்வது? கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 43 பேரை நாட்டின் பல ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2022-இல் பதிவு செய்தார்கள். சீந்தில் பாதுகாப்பானது என்றது ஆயுஷ் அமைச்சகம். எது சரியானாலும், டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்பதில் ரெண்டு பேச்சு கிடையாது.

என்னைக் கேட்டால், அந்த டப்பாக் காசுக்கு பஸ் ஏறி ஒரு தோல் டாக்டரைப் பார்க்கலாம். மெலனோமா வெள்ளைக்காரங்க வியாதின்னு ஒரு நினைப்பு இருக்கு. நம்ம ஊரில் அபூர்வம்தான். ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி மாதிரி இடங்களில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. 1981-இல் இறந்தபோது வயசு 36. இந்த வகை, புது மருந்துகளுக்கும் அவ்வளவா மசியாது. ஆரம்பத்தில் பிடிச்சா வெட்டி எடுத்தே குணப்படுத்தலாம்.

குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. பரவுற கரும்புள்ளி, நகத்தில் அகலமாகிற கருங்கோடு, ஆறாத புண் இருந்தா காமிச்சிடுங்க. வேலூர் பக்கத்தில்தானே இருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. லேகியக் கடை வைத்திருப்பவர்கள் அடிக்க வர வேண்டாம் :-)