வீட்டைப் பார்க்க வேண்டிய சிகிச்சை

பாரிசவாதம் வந்து தப்பியவரை வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்புகிறார்கள். உயிர் மிஞ்சியதே பெரிது என்று குடும்பமும் அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது. மறுநாள் விடிந்ததும் கேள்விகள் வருகின்றன. குந்தியிருக்க முடியாதவரைக் கக்கூசில் எப்படி இருத்துவது? கிணற்றடியில் குளிக்க வார்த்தால் வழுக்கி விழமாட்டாரா? வலது கை விழுந்துபோன மனிதர் இனிச் சோற்றை எந்தக் கையால் அள்ளுவார்? சாரத்தை யார் கட்டிவிடுவது? மருந்துத் துண்டில் இவற்றுக்கு விடை கிடையாது. பிரஷர் குளிசைகளும் அடுத்த கிளினிக் திகதியுந்தான் அதில் இருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கென்றே உள்ள துறை தொழில்வழிச் சிகிச்சை. விழுந்த காலை ஊன்ற வைப்பது பிசியோதெரபிக்காரரின் பாடு. ஊன்றிய காலோடு எழுந்துபோய்ப் பல் விளக்கி, உடுத்தி, சாப்பிட்டு, முன்பு செய்த வேலையில் ஒரு பங்கையாவது திரும்பச் செய்ய வைப்பது தொழில்வழிச் சிகிச்சையாளரின் பாடு. இலங்கையில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் தொகையிற் சிறியவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பெரிய வைத்தியசாலைகளோடு நின்றுவிடுகிறார்கள். புனர்வாழ்வுக்கென்றே ராகமையில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. பெரியகல்லாற்றிலிருந்து பார்த்தால் அது தீவின் மறுகரை.

பெரியகல்லாறு கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை கிட்டத்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் கல்லடிப் பாலம் தாண்டி 30 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பக்கம் இயங்காதவரைச் சனம் நெரியும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஓட்டோவோ வானோ பிடிக்க வேண்டும், கூடப் போகிறவர் அன்றைய கூலியை விட வேண்டும். இரண்டு கிளினிக்குக்குப் பிறகு பல வீடுகளில் போக்குவரத்து நின்றுவிடுவதில் வியப்பில்லை. கைத்தொலைபேசித் திரை வழியாகச் சிகிச்சை என்றதும் எல்லாரும் இந்தத் தூரத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். தூரம் இரண்டாவது காரணம். முதலாவது காரணம் வீடு.

கிளினிக்கில் சிகிச்சையாளர் காண்பது வழுவழுத்த தரையையும் கைப்பிடி வைத்த நடைபாதையையும். நோயாளி திரும்பிப் போவது மணல் முற்றத்துக்கு. கரையோர ஊர்களின் மணலில் சக்கர நாற்காலி இரண்டு முழம் உருளாது, ஊன்றுகோலின் நுனி புதையும். கக்கூசு வீட்டின் பின்புறம், அதற்கு ஒரு படி, உள்ளே குந்தும் பீங்கான். கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம். அடுப்படியில் தேங்காய் திருவ நிலத்தில் அமர வேண்டும். இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் குளியல் தொட்டியையும் முள்ளுக்கரண்டியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. சோற்றையும் மீன்குழம்பையும் விரலால் பிசைந்து கவளமாக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அவை சொல்லித் தரா. கட்டைவிரல் தள்ள, மற்ற நாலு விரலும் கூடிப் பிடிக்க, மணிக்கட்டு வாய்ப்பக்கம் திரும்ப வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் சோறு மடியில்.

கமெராவைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் இவ்வளவையும் சிகிச்சையாளர் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 'இந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நடுங்கள்', 'கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்தி வாருங்கள்', 'கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் நல்ல கைப்பக்கம் இறங்கத் தோதாகத் திருப்புங்கள்' என்று சொல்ல எந்த இயந்திரமும் தேவையில்லை. சேட்டைப் போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது ஒருமுறை காட்டினாலே பிடிபடும் விஷயம். அது தெரியாமல் மாதக்கணக்கில் மனைவி கையை முறுக்கி, அவர் நோவில் கத்தி, இருவரும் களைத்துப்போகும் வீடுகள் உண்டு. மூளையின் வலது பக்கம் பாதித்த சிலர் தட்டின் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று வீட்டில் மனத்தாங்கல் வரும். இடப்பக்கம் ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கவில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் திரையில் பார்க்கிற சிகிச்சையாளர் கண்டுபிடிப்பார். கிளினிக் மேசையில் யாரும் சோறு வைப்பதில்லை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்றால், உண்டு, ஆனால் அதைக் கவனமாக வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் 11 நிலையங்களில் 124 பேரை வைத்து நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், வீட்டிலிருந்தே கைப்பயிற்சி பெற்றவர்களும் கிளினிக்குக்கு வந்து பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். 2020இல் வெளிவந்த கொக்ரேன் திறனாய்வு 22 ஆய்வுகளையும் 1,937 பேரையும் சேர்த்துப் பார்த்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தொலைவழிச் சிகிச்சைக்கும் வழமையான சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றது. நல்ல செய்திதான். ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் 70 நிமிடம் கொண்ட 36 அமர்வுகள், அதில் பாதி சிகிச்சையாளரின் நேரடி மேற்பார்வையில். கணினியும் கருவிகளும் வீட்டுக்கே வந்தன. நமக்கோ ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் 36 கிளினிக் அமர்வுகள் கிடையாது. மாதம் ஒரு கிளினிக் அல்லது ஒன்றுமே இல்லை என்பதுதான் மறுபக்கம். வாரம் ஒரு வாட்ஸ்அப் அழைப்பைப் போட்டுவிட்டு அமெரிக்க முடிவைக் காட்டிப் பெருமை பேசினால் அது ஏமாற்று.

குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு இந்தியாவே விடை தேடியது. 'அட்டெண்ட்' என்ற ஆய்வு 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளர்களைச் சேர்த்தது. பாதிப் பேரின் குடும்பத்தவருக்கு வைத்தியசாலையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தின் பின் இறந்தவர்கள் அல்லது பிறர் தயவில் இருந்தவர்கள் இரு தரப்பிலும் 47 சதவீதம். பயிற்சியால் ஒரு சதவீதம்கூட மாறவில்லை. புதிய சான்று வரும்வரை புனர்வாழ்வு வேலையைக் குடும்பத்தின் தலையில் மாற்றும் திட்டங்களில் முதலிட வேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மலிவான வழி தேடும் சுகாதார நிர்வாகிகள் ஒட்டிவைத்து வாசிக்க வேண்டிய முடிவு இது. திரையையும் அதே ஆசையோடு எடுத்தால், வீடியோக்களை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவுவதில் போய் முடியும்.

சென்னையில் சுரேஷ்குமார் கமலக்கண்ணன் என்ற ஆய்வாளர் பக்கவாத நோயாளர்களுக்காகக் கைத்தொலைபேசி வழியான கல்வித் திட்டமொன்றை உருவாக்கி அங்கேயே சோதித்துப் பார்த்தார். அது பற்றிய கட்டுரை 2015இல் வெளியானது. தமிழ்ச் சூழலில் நமக்கு மிகக் கிட்டிய முன்னோடி அதுதான். மக்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்று அது பார்த்தது. மட்டக்களப்பில் ஏற்றுக்கொள்வதில் பெரிய சிக்கல் இருக்காது. பிள்ளைகள் கட்டாரிலும் குவைத்திலும் இருக்கிற வீடுகளில் இமோ அழைப்பு இரவுச் சாப்பாட்டைப் போலப் பழகிப்போன ஒன்று.

சிக்கல் போனைப் பிடிக்கும் கையில். இந்தப் பகுதியில் வீடு பெண் வழி வருவது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவில்தான் தாயும் தகப்பனும் வயதானபின் இருப்பார்கள். ஆகவே பாரிசவாதம் வந்தவரைப் பார்ப்பது மகளின் பொறுப்பாகிறது. அந்த மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போயிருந்தால், பாதி உடம்பு விழுந்த கிழவியைப் பார்ப்பது பள்ளிக்கூடம் போகும் பேத்தி. ஒரு கையால் போனைப் பிடித்து மறு கையால் அம்மம்மாவை எழுப்ப அவளால் இயலாது, இயலவும் கூடாது. விழுந்த தோள் மூட்டு தளர்ந்திருக்கும். கமக்கட்டில் கைகொடுத்து இழுத்தால் அது நழுவும், நழுவினால் மாதக்கணக்கில் நோவு. திரைக்கு அப்பால் இருப்பவர் 'மெல்ல, மெல்ல' என்று சொல்லலாமே தவிர தாங்கிப் பிடிக்க முடியாது.

திரையால் ஆகாதவை இன்னும் உண்டு. இறுகிய தசையின் இறுக்கத்தை விரலால் அழுத்தித்தான் அறியலாம். மணிக்கட்டு மடங்கிப்போகாமல் தாங்கும் பட்டையைக் கையில் வைத்து அளந்துதான் செய்யலாம். விழுங்கும் திறனை ஒருவர் நேரில் சோதிக்கும் முன் திரையில் சோறூட்டப் பழக்குவது ஆபத்து, சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். முதற் சந்திப்பு நேரில் நடக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளையின் இடது பக்கம் பாதித்தவர்களில் பலருக்கு வலது கையோடு பேச்சும் போகிறது. தாய்மொழியிலேயே சொல் தேடித் தடுமாறுகிறவரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசி, பக்கத்தில் நிற்பவர் மொழிபெயர்ப்பது சிகிச்சையாகாது. திரை இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ தமிழில் பேசும் ஒருவரை அழைக்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகள் சிலர் காசு கட்டி அப்படி ஏற்பாடு செய்யவும் முடியும். ஆனால் முகநூலில் விளம்பரம் போடுகிற எல்லாரும் சிகிச்சையாளர் அல்லர். இலங்கையில் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் மருத்துவச் சபையில் பதிய வேண்டியவர்கள். வெளிநாட்டிலிருந்து திரை வழியே பார்ப்பவர் பிழையாகச் சொல்லி ஒரு தோள் நழுவினால் யாரிடம் முறையிடுவது என்பதற்குச் சுகாதார அமைச்சு தெளிவான விதி ஒன்றை எழுதி வைப்பது நல்லது. காசுள்ள வீட்டுக்கு மட்டும் வந்து சேரும் சேவையாக இது மாறுவதையும் அந்த விதி தடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. களுவாஞ்சிகுடியில் துண்டு வெட்டும் முன் ஒரு சிகிச்சையாளர் நோயாளியைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அதன்பின் முதல் மூன்று மாதமாவது வாரம் இரண்டு திரை அமர்வு. மீட்சியின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் நடக்கிறது, அதைத்தான் நாம் கிளினிக் திகதிக்காகக் காத்திருந்து வீணாக்குகிறோம். ஒவ்வொரு அமர்விலும் வீட்டில் நின்று போனைப் பிடிக்கவும் ஆளைத் தாங்கவும் பழகிய ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு வழியாக அவரைத் தேர்ந்து, களுவாஞ்சிகுடியிலேயே பயிற்சி கொடுத்து, கொடுப்பனவும் கொடுக்கலாம். தொண்டர் என்று பெயர் வைத்துச் சும்மா வேலை வாங்கினால் ஆறு மாதத்தில் அவரும் கட்டாருக்குப் போய்விடுவார். டேற்றாச் செலவு, கிணற்றடிக்கு ஒரு கதிரை, கக்கூசுக்கு ஒரு கைப்பிடி, இவற்றை வைத்தியசாலைக் கணக்கில் சேர்ப்பதா, பிரதேச செயலகக் கணக்கில் சேர்ப்பதா என்று இரண்டு அலுவலகங்களும் இழுபறிப்படும். அந்த இழுபறியை மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு முறை வைத்துத் தீர்த்துவிட்டுத்தான் செயலி, மென்பொருள் என்ற பேச்சை எடுக்க வேண்டும்.