பீரோவுக்குப் பின்னால்

தர்மபுரி ஜில்லாவுக்கும் ஓதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கேழ்வரகும் புளியும் விளைகிற வறண்ட சீமை. ஒகேனக்கல்லை விட்டால் ஜலத்தைக் காண்பதே அபூர்வம் என்பது அவர்கள் எண்ணம். ஐப்பசி மழைக்குப் பின் இங்கே வந்து, ஏதாவது ஒரு வீட்டில் பீரோவை நகர்த்திப் பார்க்கட்டும். சுவரெல்லாம் கரும்புள்ளிகள், பட்டுப் புடவையில் மக்கல் வாசனை, பிள்ளைகளின் புஸ்தக அட்டையில் பச்சைப் பொடி.

வீடு ராசியில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பூசணத்துக்கு ராசி தெரியாது, கணக்குத்தான் தெரியும். அதன் வித்துக்கள் எந்தக் காற்றிலும் உண்டு. சுவரில் படிந்த தூசியே அதற்கு ஆகாரம். பாக்கி வேண்டியது ஈரம் ஒன்றே. சுவரையொட்டிய காற்றில் ஈரம் நூற்றுக்கு 80-க்கு மேல் பல நாள் நீடித்தால், அது முளைக்கத் தொடங்கும். பின்லாந்து தேசத்து விஞ்ஞானிகளான ஹுக்காவும் விட்டானெனும் 1999-ஆம் வருஷம், மரத்தின்மேல் பூசணம் வளர்வதை 0 முதல் 6 வரை எண்ணிட்டு, முன்கூட்டியே கணிக்கும் முறையை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. கூடத்தின் நடுவில் 25 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 70 ஈரமும் இருந்தால் பயமில்லை என்று தோன்றும். அதே காற்று, 22 டிகிரிக்குக் குளிர்ந்த மூலைச் சுவரைத் தொட்டவுடன் அதன் ஈரம் ஏறக்குறைய 84 ஆகிவிடுகிறது! பீரோவின் பின்புறம் கறுப்பதன் ரகசியம் இதுவே.

அழகு கெடுவதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இளைப்பும் இருமலும் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் எச்சரித்தது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 2020-இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் மரணத்துக்கு, வீட்டுப் பூசணமே காரணம் என்று 1922 அல்ல, நமது காலமான 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

நாமோ பொங்கலுக்கு வெள்ளையடித்தால் தீர்ந்தது என்றிருக்கிறோம். அந்தக் காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணத்துக்கு ஆகாது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். இப்போது மார்கழியில், உலராத சுவரின்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் வர்ணத்தைப் பூசி, ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கிறோம். விலை அதிகம் என்பதால் உயர்ந்தது என்ற மயக்கம் நம்மவர்க்கு இன்னும் போகவில்லை.

மாடித் தளத்தின் விரிசலை ஆனிக்குள் அடைக்க வேண்டும். பீரோவை நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். மழை நாளில் ஈரத் துணியை அறைக்குள் கொடியில் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். நனைந்த பாயும் மெத்தையும் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்தாக வேண்டும்.

சந்தேகமிருந்தால் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் நனைந்த மல் துணியைச் சுற்றி நன்றாக விசிறுங்கள். அறை 25 டிகிரியில் இருக்கும்போது, இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை டிகிரிக்குக் குறைந்தால், பீரோவை நகர்த்திப் பார்க்கவே வேண்டியதில்லை.