உதை வாங்கத் தெரிந்த நாயகன்

வோங் ஃபேய்-ஹங் தென் சீனத்தில் நிஜமாகவே வாழ்ந்த வைத்தியர், தற்காப்புக் கலை ஆசான். 1949 தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட ஹாங்காங் படங்களில் க்வான் தக்-ஹிங் அவராக நடித்தார். விறைப்பாக நிற்பார், சீடர்களுக்கு ஒழுக்கம் போதிப்பார், கடைசியில் வெல்வார். 1978இல் வந்த ‘ட்ரங்கன் மாஸ்டர்’ அந்த மகானைப் பிடித்துத் தறுதலைப் பையனாக்கியது. இந்த வோங் காசில்லாமல் ஓட்டலில் வயிறு முட்டத் தின்கிறான். முன்பின் தெரியாத பெண்ணிடம் வம்பு செய்து, அவளுடைய தாயிடம் நையப்புடைக்கப்படுகிறான். அந்தத் தாய் அவனுடைய சொந்த அத்தை! குலதெய்வத்தைக் கேலி செய்வதற்குச் சமமான துணிச்சல் இது.

புரூஸ் லீ 1973இல் இறந்தபின் ஹாங்காங் தயாரிப்பாளர்கள் அவருக்கு நகல் தேடி அலைந்தார்கள். ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் வோங்காக நடித்த ஜாக்கி சானையும் முன்பு அந்த அச்சில் வார்க்கப் பார்த்து, 1976இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ எடுத்தார் லோ வெய். எடுபடவில்லை. பீக்கிங் இசை நாடகப் பள்ளியில் குட்டிக்கரணம் அடித்து வளர்ந்த பையனுக்கு அந்த உறுமல் முகம் எப்படிப் பொருந்தும்? அவருடைய உடம்புக்குள் ஒரு கோமாளி இருப்பதைக் கண்டுகொண்டவர் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ இயக்குநர் யுவென் வூ-பிங். தள்ளாடும் குடிகாரக் குருவாக நடித்தவர் இயக்குநரின் தந்தை, யுவென் சியு-தியென்.

பயிற்சிக் காட்சிகள்தான் இந்தப் படத்தின் உயிர். தலைகீழாகத் தொங்கும் வோங், கீழே இருக்கும் வாளியிலிருந்து சின்னஞ்சிறு கிண்ணங்களில் நீர் மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து மேலே ஊற்றுகிறான். திரும்பத் திரும்ப. நாம் சிரிக்கிறோம், ஆனால் அந்த வயிற்றுத் தசையின் வலி நடிப்பில்லை. குரு கற்றுத்தரும் எட்டுக் குடிகாரத் தெய்வங்களின் பாணிகளில் கடைசி, பெண் தெய்வத்துக்கு உரியது. பொம்பளை ஆட்டம் என்று அதை மட்டும் படிக்காமல் டிமிக்கி கொடுக்கிறான். வில்லனாக வரும் ஹ்வாங் ஜாங்-லீயின் பேய் உதைகளுக்கு முன்னால் மற்ற ஏழும் கைவிட, இடுப்பை நெளித்து அந்த எட்டாவதைத் தானாகவே இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆண்மைத் திமிரை இவ்வளவு குஷியாகக் காலைவாரிய சண்டைப் படம் வேறு எது?

குடியைக் கொண்டாடும் படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கலாம். ஆனால் 1994இல் வந்த இரண்டாம் பாகத்தின் மூல வடிவில், ஆலைச் சாராயம் குடித்த நாயகன் மூளை கலங்கிப் போவதாக முடிவு. அமெரிக்க வெளியீட்டில் அதை வெட்டிவிட்டார்கள்.

அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ காமிக்ஸ் முதல் படத்துக்குப் பட்ட கடன் பெரிது. அதில் கிழட்டு ஆமை குரு மாறுவேடத்தில் வைத்துக்கொள்ளும் பெயரே ஜாக்கி சுன்! யுவென் வூ-பிங் 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்துக்குச் சண்டை அமைக்கப் போனார். வீடியோ விளையாட்டுகள் வரை அந்தத் தள்ளாட்டம் பரவிவிட்டது. ஆனால் எடுத்துக்கொண்டவர்களில் பலர் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாயகன் அவமானப்படுவதையும் உடம்பு வதைபடுவதையும் விட்டுவிட்டார்கள். அடியே படாதவன் அடிக்கும்போது நமக்கு எதுவும் உறைப்பதில்லை.

ஆங்கிலக் குரல் சேர்ப்பில் இதைப் பார்த்தவர்கள் காண்டனீஸில் ஒருமுறை பாருங்கள். பயிற்சிக் காட்சிகளை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.